பதுளை மலையில் ஓராண்டு: பிள்ளைகளுடன் பயணமும் பண்டிகையும்

பிள்ளைகளைப் பெற்றோர்க்கு உலகில் இருவகைப் பயணங்களே உண்டு. ஒன்று, நாம் திட்டமிடும் பயணம். மற்றொன்று, பிள்ளைகள் நடத்திவைக்கும் பயணம். முன்னது தாளில் நிறைவெய்தும். பின்னதே வீதிக்கு வரும். காலை ஆறு மணிக்குப் புறப்படுவதென முதல்நாள் இரவு வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறும். மறுநாள் ஏழரை மணிக்கு ஒரு சப்பாத்தைக் காணோம் என்பார்கள். எட்டு மணிக்குச் சப்பாத்து அகப்படும். அதற்குள் சப்பாத்துக்கு உரியவனைக் காணோம். இவ்விதிக்குப் பதுளையும் விலக்கன்று, பாரிஸ் நகரமும் விலக்கன்று.

ஆயினும், ஊவா மாகாணத்து மலைகளில் பிள்ளைகளை வளர்ப்போர்க்கென்றே தனியாக வாய்த்த சங்கடம் ஒன்றுண்டு. நம் பண்டிகைகள் யாவும் சமவெளியின் பஞ்சாங்கத்தைக் கொண்டு வருபவை. நமுனுகுலை மலைமீது வந்து தங்கும் மேகங்களோ அப்பஞ்சாங்கத்தைப் படித்தவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்து மாவட்டங்களிலிருந்து முதலிற் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் இங்கு வந்த நம் முன்னோர், தங்கள் தெய்வங்களையும் பண்டிகைகளையும் உடன் கொண்டு வந்தனர். பருவகாலத்தை மட்டும் கொண்டுவர இயலவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைக் கொட்டிவிட்டு, ஊவாவுக்கு வெறுங்காற்றாகவே வந்து சேர்கிறது. நமக்குரிய பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றுடன் வருவது. தீபாவளி, கார்த்திகைத் தீபம், பொங்கல் ஆகிய மூன்றும் அம்மழையின் நடுவே அகப்பட்டுக்கொள்கின்றன. ஆகவே, ஊவாவிற் பிள்ளைகளுடன் பண்டிகை கொண்டாடுவதென்பது ஒருவகையில் குடை பிடிக்கும் கலையே ஆகும்.

சூரியன் வராத பொங்கல்

தைப்பொங்கலைப் பற்றிப் பாலர் வகுப்புப் பிள்ளைகள் வரையும் படத்தைக் கண்டிருப்பீர்கள். மூன்று கல், அதன்மேல் ஒரு பானை, இருபுறமும் கரும்பு, மேலே பற்கள் தெரியச் சிரிக்கும் முழுச் சூரியன். எங்கள் கடைக்குட்டியும் அவ்வாறே வரைந்து வைத்தான். பொங்கலன்று விடிகாலையில் முற்றத்தில் அடுப்பு மூட்டியபோது எதிர்வீடே தெரியவில்லை, அத்தனை பனிமூட்டம். ஒருவர் அடுப்புக்குக் குடை பிடிக்க, ஒருவர் பானைக்குக் குடை பிடிக்க, மூன்றாமவர் குடை பிடிப்போர்க்குக் குடை பிடித்தார். பானை பொங்கிற்று. கிழக்கு நோக்கிக் கும்பிட்டோம். கடைக்குட்டி சற்று நேரம் வானத்தைப் பார்த்திருந்துவிட்டு, “அப்பா, சூரியன் எழும்பவில்லையே, அவர் எழும்பும் மட்டும் நானும் போய்ப் படுக்கட்டுமா?” என்று கேட்டான்.

நடுப்பிள்ளையின் கேள்வி இதனினும் கூரியது. “பொங்கல் அறுவடைத் திருநாள் என்று புத்தகத்தில் இருக்கிறது. நமக்குத்தான் வயல் இல்லையே?” என்றான். கல்லூரியிலே பாடஞ்சொல்லிப் பழகிய நாம் உழவர் பெருமை குறித்து ஒரு விளக்கத்துக்கு ஆயத்தமாகும் முன்னரே, தோட்டத்திலிருந்து வந்திருந்த அப்பாயி விடையிறுத்துவிட்டார்: “ஏன் கண்ணு, கொழுந்து அறுவடை இல்லையா? ஊரிலே வருசத்துக்கு ஒரு தரம்; நமக்கு வாரத்துக்கு ஒரு தரம்.” உண்மையும் அதுவே. ஒரு மலையிற் கொழுந்தெடுத்தால், ஏழு முதல் பத்து நாள்களுக்குள் அதே செடியை நாடி மீண்டும் செல்ல வேண்டும். ஓயாத அறுவடை அது.

துன்ஹிந்தவிற் குரங்குகளின் விருந்து

தை கழிந்து மழை தணியும் காலமே துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைக் காண ஏற்றது. அருவியில் நீரும் நிறைந்திருக்கும். பாதையும் ஓரளவு உலர்ந்திருக்கும். பதுளை நகரிலிருந்து ஐந்து கிலோமீற்றர் தொலைவிலுள்ள இவ்வருவியை, வீதியிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் காட்டுப்பாதையில் நடந்தே அடைதல் வேண்டும். நகரின் ஓரமாக அமைதியே உருவாக ஓடும் பதுளை ஓயா, இங்கு 64 மீற்றர் உயரத்திலிருந்து பாய்கிறது. புகைபோல் எழும் திவலையே அதற்குப் பெயரளித்தது. இந்நீர் பின்னர் மகாவலியுடன் கலந்து கிழக்குக் கடலை அடைகிறது. நகரத்துப் பாலத்தின்மேல் நின்று பிள்ளைகள் விடும் காகிதக் கப்பலுக்கு எத்தனை பெரிய யாத்திரை!

இப்பாதையின் உண்மையான அதிகாரிகள் குரங்குகளே. எம் இல்லத்தரசியார் புளிச்சாதம், உளுந்துவடை, பாகற்காய்ப் பொரியல் முதலியவற்றைத் தனித்தனியே பொதி செய்து வந்திருந்தார். ஒரு வளைவில் பெருங்குரங்கொன்று வந்து முழுப் பையையும் பறித்துக்கொண்டு மரமேறிற்று. பொதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பரிசோதித்து, வடைகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பாகற்காயை மட்டும் நம்மை நோக்கித் திருப்பி எறிந்தது. அன்று முதல் கடைக்குட்டிக்கு அக்குரங்கின்மீது அளவற்ற மதிப்பு.

அருவியை நோக்குமேடையிலிருந்தே காண வேண்டும். நீர் விழும் தடாகத்தில் இறங்குதல் உயிருக்கு ஆபத்து. பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினும் இதில் மட்டும் பெற்றோர் இளகலாகாது.

மாசி நிலவிற் காமன் கூத்து

மாசி மாதத்திலே தோட்டங்களில் நடைபெறும் காமன் கூத்து, பிள்ளைகளுக்கு நாம் காட்டக்கூடிய அரிய காட்சிகளுள் ஒன்றாகும். வளர்பிறையிற் காமன் கம்பம் நடப்பெற்று, சிவபெருமானின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படும் கதை இரவு தோறும் வளர்ந்து, முழுநிலவை அடுத்து மன்மதன் எரிதலில் உச்சம் பெறும். ஆண்களே இரதி வேடமும் பூணுவர். தப்பொலியுடன் ஆட்டம் லயம் லயமாகச் செல்லும்போது, ஒவ்வொரு வாசலிலும் விளக்கேற்றி வரவேற்பர். நாடகத்துக்கு மேடை இல்லை. தோட்டம் முழுவதுமே மேடை.

எங்கள் மூத்தவள் இரதியின் புலம்பலைக் கேட்டுக் கண்கலங்கினாள். மறுநாட்காலை கடைத்தெருவிலே முறுக்கு மீசையுடன் பீடி புகைத்து நின்றவரே முன்னிரவின் இரதி என்று அறிந்தபோது அவளடைந்த வியப்பைச் சொல்லி முடியாது. பகலெல்லாம் மலையிற் கவ்வாத்து வெட்டிய கைகளே இரவில் அபிநயம் பிடிக்கின்றன என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்ளல் நன்று. கலை என்பது தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து வருவதன்று, பக்கத்து லயத்திலிருந்தும் வரும் என்பதை ஓரிரவிலே அவர்கள் கற்றுக்கொண்டனர்.

கோச்சி ஏறிய கதை

புகையிரதத்தை நம் தோட்டத்து மக்கள் கோச்சி என்பர். பிள்ளைகளுக்கு அதனினும் இனிய சொல் வேறில்லை. மலைநாட்டுப் பாதை 1893ஆம் ஆண்டில் அப்புத்தளைக்கும், 1894ஆம் ஆண்டில் பண்டாரவளைக்கும் வந்து சேர்ந்தது. அங்கிருந்து பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1924ஆம் ஆண்டிலேதான் பதுளை நிலையம் திறக்கப்பட்டது. மலை அத்தனை முரண்டு பிடித்தது.

2025ஆம் ஆண்டுப் புயலுக்கு முன்னர் வந்த ஒரு சித்திரை விடுமுறையில், பதுளையிலிருந்து எல்ல வரை கோச்சியிற் சென்றோம். தெமோதரையில் உள்ள வளையத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதே நோக்கம். பதுளையிலிருந்து ஏறிவரும் வண்டி, முதலில் தெமோதரை நிலையத்துக்கு நேர் அடியிலுள்ள சுரங்கத்தினுள் நுழைந்து, குன்றைச் சுற்றி மேலேறி, தான் நுழைந்த சுரங்கத்தின் தலைமேலேயே வந்து நிற்கும். இதற்கொரு செவிவழிக் கதை உண்டு. செங்குத்தான இவ்விடத்திற் பாதையை எவ்வாறு ஏற்றுவதென்று பொறியியலாளர் திகைத்து நின்றபோது, அயலிலே ஒரு கங்காணி தம் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டினாராம். ஒரு சுற்றின்மேல் மறுசுற்று ஏறுவதைக் கண்டே அவர்க்கு வழி தோன்றிற்றாம்.

இக்கதையைக் கூறியதன் பயன், நம் தோளிலிருந்த துவாய் பறிபோயிற்று. கடைக்குட்டி அதனைத் தலையிற் சுற்றிக்கொண்டு, எதிரிருக்கையிலிருந்த முதியவருக்குத் தெமோதரை வளையத்தை விளக்கலானான். நடுப்பிள்ளையோ, “அந்தக் கங்காணியின் பெயரென்ன?” என்றான். நாம் கேட்ட கதையிற் கங்காணிக்குப் பெயர் இல்லை.

அடுத்து ஒன்பது வளைவுப் பாலம். 1921ஆம் ஆண்டிற் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பப்பட்ட இப்பாலம் 91 மீற்றர் நீளமும் 24 மீற்றர் உயரமும் உடையது. உலகின் பல திசைகளிலிருந்தும் வந்தோர் அங்கு நின்று படம் பிடிக்கின்றனர். பிள்ளைகள் சன்னலோரம் நின்று கையசைத்தனர், அவர்களும் கையசைத்தனர்.

இதே தண்டவாளம் சுமந்த வேறொரு பயணத்தையும் மூத்தவளுக்குச் சொன்னோம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், இம்மலைகளிலே பிறந்து வளர்ந்த பல்லாயிரவர், தாம் கண்டறியாத இந்தியாவுக்கு இவ்வழியே அனுப்பப்பட்டனர். ஏறியவர்களும் அழுதனர், வழியனுப்ப வந்தவர்களும் அழுதனர். அதனால் அவ்வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வழங்கிற்று. சற்று நேரம் அவள் சன்னலுக்கு வெளியே பார்த்திருந்தாள். பின்னர், “நம் வீட்டிலிருந்தும் போனார்களா?” என்று கேட்டாள். அப்பாயியின் தங்கை போனார் என்றோம்.

ஆடிக் காற்றும் அப்பாயியும்

ஆடிப் பதினெட்டிலே காவிரி பெருகும் என்று தமிழகத்தார் ஆற்றங்கரைக்குச் செல்வர். ஊவாவிலோ ஆடியில் ஆறு மெலிந்துவிடும், பெருகுவது காற்றே. கச்சான் காற்று பகலிரவாக வீசி, கொடியிற் காயும் துணிகளை அடுத்த வீட்டாருக்குத் தானம் செய்துவிடும். கதிர்காமத்து ஆடிவேல் விழாவுக்கு, எல்ல, வெல்லவாய, புத்தல வழியாகக் குடும்பம் குடும்பமாகப் புறப்படும் காலமும் இதுவே. வழியிலே இராவணன் அருவியைக் கண்டதும் பிள்ளைகள் பஸ்ஸை நிறுத்தச் சொல்வதும், நடத்துநர் செவிகொடாததும் ஆண்டுதோறும் நிகழும் சம்பிரதாயங்கள்.

இக்காற்றே ஊவாத் தேயிலைக்குப் பெருமை அளிப்பது. ஜூலை முதல் செப்ரெம்பர் வரை வீசும் வறண்ட காற்றிலே கொழுந்தின் வளர்ச்சி குன்றும். ஆனால் மணம் செறியும். அளவு குறைய, தரம் உயரும். அம்மணத்துக்குக் காரணமான பொருள்களுள் ஒன்று, மூட்டுவலித் தைலங்களிற் சேர்க்கப்படும் மெதில் சலிசிலேற் என்பதாகும். இதனை நாம் விரித்துரைக்கும் முன்னமே, கோப்பையை முகர்ந்த கடைக்குட்டி, “அப்பாயியின் முழங்கால் மணக்கிறது!” என்று கூவினான். தேயிலை ஆய்வாளரும் இதனிற் சுருக்கமாகச் சொல்லியிருக்க இயலாது.

அந்த ஆகஸ்டு விடுமுறையிலே அப்பாயியையும் உடனழைத்துக்கொண்டு அப்புத்தளை சென்று, தம்பேதன்னைத் தோட்டத்தின் உச்சியிலுள்ள லிப்டன் சீட் என்னும் இடத்துக்கு ஏறினோம். தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டளவிலே இப்பகுதித் தோட்டங்களை வாங்கியவர். இங்கே அமர்ந்துதான் தம் தேயிலை மலைகளைப் பார்வையிட்டார் என்பர். வானம் தெளிந்த காலை வேளையிலே பல மாகாணங்கள் விரிந்து தெரியும். பத்து மணியளவில் மூடுபனி வந்து திரையிட்டுவிடும். ஆகவே சப்பாத்தை முதல்நாளே தேடி வைத்தல் நலம்.

அங்கு அமர்ந்த கோலத்தில் லிப்டனுக்கு ஒரு சிலை உண்டு. அதனருகே நின்ற நடுப்பிள்ளை திடீரெனக் கேட்டான்: “துரை உட்கார்ந்த இடத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பாயி, நீங்கள் உட்கார்ந்த இடம் எது?”

அப்பாயி பொக்கைவாய் திறந்து சிரித்தார். “கொழுந்தெடுக்கிறவளுக்கு உட்கார ஏது ராசா நேரம்? நான் நின்ன எடம் வேணும்னா காட்டுறேன்.”

இறங்கும் வழியிலே பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு வைத்தோம். விடுமுறையிலும் கணக்கா என்ற முணுமுணுப்பைப் பொருட்படுத்தவில்லை. ஒருவர் ஒரு நாளில் 20 கிலோ கொழுந்து எடுப்பதாகக் கொள்க. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தே ஒரு கிலோ தேயிலையாகும். ஒரு கோப்பைக்கு 2 கிராம் தேயிலை போதும். எனின், ஒருவரின் ஒருநாள் உழைப்பு எத்தனை கோப்பை? மூத்தவள் விரைந்து கணித்தாள்: ஏறக்குறைய 2,200 கோப்பை! நம் ஐவர் வீட்டில் நாளொன்றுக்குப் பத்துக் கோப்பை என்றாலும் ஏழு மாதத்துக்கு மேல் வரும். இக்கணக்கை அப்பாயியிடம் சொன்னபோது, அவர் நம்பவில்லை. “அம்புட்டுப் பேரா நான் எடுத்த கொழுந்தைக் குடிச்சாங்க? ஒருத்தரும் வந்து நல்லாயிருந்துச்சுன்னு சொல்லலியே!” என்றார்.

ஐப்பசி மழையிலே தீபாவளி

தோட்டத்து மக்களின் பெருநாள் தீபாவளியே. கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள், பஸ்ஸிலே தொங்கிக்கொண்டேனும் வீடு வந்து சேர்வர். தீபாவளி முற்பணம் கைக்கு வரும்; வந்த வேகத்திலே ஜவுளிக்கடைக்கும் பலகாரச் சாமான்களுக்கும் போய்விடும்; பின்னர் மாதந்தோறும் சம்பளத்திற் பிடிபடும். கொண்டாட்டம் ஒரு நாள், கடன் பல மாதம் என்பது அவர்கள் அறியாததன்று. ஆயினும் பிள்ளைக்கு ஒரு புதுச்சட்டை இல்லாத தீபாவளியை அவர்களால் எண்ணிப்பார்க்க இயலாது.

நாமும் தீபாவளிக்குப் பசறைப் பக்கத்திலுள்ள தோட்டத்துக்குச் செல்வது வழக்கம். நள்ளிரவு கடந்ததுமே முறுக்கு மணமும் இறைச்சிக் குழம்பின் மணமும் லயம் முழுவதும் கமழும். எண்ணெய் தேய்த்துக்கொள்ள மறுத்து ஓடும் பிள்ளைகளைப் பிடித்துவர ஒரு படையே புறப்படும். மழையோ விடாது. சென்ற ஆண்டொன்றில் மத்தாப்புப் பெட்டி நனைந்துவிட, கடைக்குட்டி அதனை உலர்த்துவதற்கென்று அடுப்பருகே கொண்டுபோய் வைத்தான். அப்பாயி பாய்ந்து எடுத்திராவிடின் தீபாவளி அடுக்களையிலேயே நடந்தேறியிருக்கும்.

பிற்பகலில் மழை சற்று ஓய்ந்தபோது, அப்பாயி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பிள்ளைகளைக் கைப்பிடித்து ஏழாம் நம்பர் மலைக்கு அழைத்துச் சென்று, தாம் பல்லாண்டு நிரைபிடித்து நின்ற இடத்தைக் காட்டினார். அங்கே சிலையுமில்லை, பெயர்ப்பலகையுமில்லை. ஒரு பெரிய பாறையும் சவுக்கு மரமொன்றுமே இருந்தன. பிள்ளைகள் லிப்டன் சீட்டில் நின்றதைவிட அங்கே நெடுநேரம் நின்றனர்.

இம்மழைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2014ஆம் ஆண்டு தீபாவளி கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பிழைத்தனர். மாலையில் அவர்களிற் சிலருக்குத் திரும்பிச்செல்ல வீடுமில்லை, பெற்றோருமில்லை. அம்மலை அபாயமானதென்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் கொணர்ந்த மழையிலும் மண்சரிவிலும் பதுளை மாவட்டம் மீண்டும் கடுந்துயருற்றது. தியலும அருவியைக் காணக் கொஸ்லந்தை வழியே செல்வோர், 220 மீற்றர் உயரத்து நீரைக் கண்டு வியப்பதோடு, அயலிலுள்ள அம்மலையையும் பிள்ளைகளுக்குக் காட்டி, நடந்ததைச் சொல்லுதல் கடன். நிலத்தில் வெடிப்புக் காணல், மரமும் கம்பமும் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் ஆகிய அடையாளங்களைப் பத்து வயதுப் பிள்ளையும் அறிந்திருத்தல் வேண்டும். கண்டால் உடனே பெரியோரிடம் சொல்லி அவ்விடம் விட்டகல வேண்டும். மழைக்காலத்திற் பயணத்தை ஒத்திவைப்பதும் பிள்ளை வளர்ப்பின் ஒரு பகுதியே.

எங்கே அழைத்துச் செல்வது?

விடுமுறை வந்ததும் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வதென்று நண்பர் பலர் நம்மை வினவுவர். நுவரெலியாவின் மலர்களும் கொழும்பின் கடற்கரையும் காணத்தக்கனவே, வேண்டாமென்று சொல்லமாட்டோம். ஆயினும், லயத்திற் பிறந்து படித்து உத்தியோகம் பெற்று நகரத்திற் குடியேறியவர்களின் பிள்ளைகள், தேயிலை மலையை இன்று சன்னலுக்கு வெளியே ஓடும் பச்சைக் காட்சியாக மட்டுமே காண்கின்றனர். வெளிநாட்டுப் பயணி காணும் மலையும் நம் பிள்ளை காணும் மலையும் ஒன்றாகிவிடலாமா? பயணிக்கு அது அழகு. நம் பிள்ளைக்கு அது அழகோடு உறவும் ஆகும்.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பண்டிகை நாளில் ஒன்றையேனும் தோட்டத்து உறவினர் வீட்டிலே கழியுங்கள். வீட்டிலுள்ள முதியவர் ஒருவரைப் பயணத்தில் உடன்வரச் செய்யுங்கள். அவருக்குச் சன்னலோரத்து இருக்கையைக் கொடுங்கள். அவர் வேலை செய்த மலையின் பெயரையும், பிரட்டுக்களம் இருந்த இடத்தையும், அவர் அறிந்த பாட்டொன்றையும் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். தோட்டத்துப் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தேடித் தொகுத்திராவிடின் அவற்றுட் பல இன்று நமக்குக் கிட்டியிரா. அவர் தொகுக்காமல் விட்டவை இன்னும் சில பாட்டிமாரின் நாவில் உள்ளன, அவை காத்திருக்கமாட்டா.

சூரியன் வராத பொங்கலும், ஆறு பெருகாத ஆடியும், மழை விடாத தீபாவளியும் நம்முடையவையே. நாம் குடை பிடித்துக்கொண்டு காத்த இவற்றை, நம் பிள்ளைகளும் தம் பிள்ளைகளுக்குக் குடை பிடித்துக் காட்டுவார்களாக. வடைப் பொதியை மட்டும் குரங்கின் கண்ணிற் படாமல் மறைத்து வைப்பார்களாக.